பூனைக்காலியும் ஆறு மணி மாத்திரையும்

கல்லிடைக்குறிச்சிப் பெரியப்பாவின் கையெழுத்துக்கு ஊரில் தனி மரியாதை உண்டு. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் பத்திரிகை உறைகள் முகவரி எழுதுவதற்காகக் கட்டுக்கட்டாக அவர் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். 2010 வாக்கில் அந்த எழுத்து சிறுக்கத் தொடங்கியது. வரியின் தொடக்கத்தில் வழக்கம்போல இருக்கும், முடிவதற்குள் கடுகளவாகிவிடும். ஓய்வூதியம் எடுக்கப் போன இடத்தில் கையொப்பம் ஒத்துவரவில்லை என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டில் எல்லோரும் கண்ணாடியை மாற்றச் சொன்னார்கள்.

கண்ணில் குறை ஒன்றும் இல்லை. யோசித்துப் பார்த்தால் மாற்றங்கள் அதற்கு முன்பே தொடங்கியிருந்தன. "ரசத்துல பெருங்காயம் போடலையா?" என்று பெரியப்பா கேட்பார், தாளித்த வாசனை அப்போது தெருவரைக்கும் போயிருக்கும். பல ஆண்டுகளாகவே மலச்சிக்கல். தூக்கத்தில் யாரையோ விரட்டுவதுபோலக் கையை வீசுவார். பெரியம்மா பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். எல்லாவற்றையும் வயதின் கணக்கில் எழுதியாயிற்று. வலது கட்டைவிரலும் சுட்டுவிரலும் சும்மா இருக்கும்போதே எதையோ உருட்டத் தொடங்கிய பிறகுதான் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியின் நரம்பியல் பிரிவுக்குப் போனார்கள்.

மருத்துவர் அவரை வராந்தாவில் நடக்கச் சொன்னார். இடது கை வீசியது. வலது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. விரல்களைத் தட்டச் சொன்னார். நாலைந்து தட்டுக்குப் பிறகு வலது கை விரல்களின் வீச்சு குறைந்துகொண்டே போனது. ஒரு தாளில் பெயரையும் ஊரையும் எழுதச் சொன்னார். பார்க்கின்சன் நோய் என்று அவர் சொல்ல அதிக நேரம் ஆகவில்லை. மோப்பம் குறைவது, மலச்சிக்கல், உறக்கத்தில் கைகாலை உதறுவது ஆகிய மூன்றும் நடுக்கம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்நோயில் தலைகாட்டக்கூடும் என்பதும் அன்றுதான் வீட்டாருக்குத் தெரிந்தது.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் ஆறு பேரைக் கவனித்து நடுக்குவாதம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அந்த ஆறு பேரில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. மூளைத் தண்டின் மேற்பகுதியில் கருநிறமாக இருக்கும் ஒரு சிறு பகுதியில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிந்துபோவதே இதற்குக் காரணம் என்பது தெளிவாக ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. இறந்த நோயாளிகளின் மூளையில் டோபமைன் வெகுவாகக் குறைந்திருப்பதை வியன்னாவில் ஓலே ஹார்னிகீவிச் 1960-இல் காட்டினார். அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் 1967-இல், டோபமைனின் முந்தைய வடிவமான டோபாவைச் சிறிது சிறிதாகக் கூட்டி அதிக அளவில் வாய்வழியே கொடுத்து, எழுந்து நடக்கமுடியாமல் இருந்தவர்களை நடக்க வைத்தார். டோபமைனை நேராகக் கொடுத்தால் அது மூளைக்குள் நுழையாது. டோபாவின் ஒரு வகையான லெவோடோபா நுழையும். அது போகிற வழியிலேயே டோபமைனாக மாறி வீணாகாமலும் வாந்தியைக் கிளப்பாமலும் காக்க, கூடவே கார்பிடோபா. இரண்டும் சேர்ந்த மஞ்சள் மாத்திரைதான் பெரியப்பாவுக்கும் எழுதப்பட்டது. காலை 6, பகல் 12, மாலை 6.

மாத்திரை நன்றாகக் கேட்டது. சில வாரங்களில் சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொண்டார். வேட்டியை இறுக்கிக் கட்டி ஆற்றுக்குக் குளிக்கப் போனார். ஓராண்டு இப்படி நன்றாகவே போனது. அதன் பிறகு ஒரு புதுக் குறை வந்தது. "காலை மாத்திரை கேக்குது, மத்தியான மாத்திரை கேக்கவே மாட்டேங்குது" என்றார். பகல் ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை நாற்காலியோடு ஒட்டிப்போன மாதிரி உட்கார்ந்திருப்பார். மாத்திரை போலி என்று ஒருவர் சொன்னார். பவரைக் கூட்டச் சொல்லு என்றார் இன்னொருவர்.

மருத்துவர் மாத்திரையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "மத்தியானம் என்ன சாப்பிடறீங்க ஐயா?" என்று கேட்டார். பதில் சொன்னது பெரியம்மா. நரம்புக்குப் பலம் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னதால் வாரத்தில் பாதி நாள் உளுந்தஞ்சோறு, தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். மற்ற நாளில் பருப்புக் குழம்பு, கெட்டித் தயிர். சோறு பரிமாறும்போது இலைக்குப் பக்கத்திலேயே மாத்திரையும் இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்தில் பெண் பூப்பெய்தினால் உளுந்தங்களி, இடுப்புவலிக்கு உளுந்தங்கஞ்சி, வயதானவர்களுக்கு உளுந்தஞ்சோறு என்று உளுந்துக்கு உள்ள இடம் பெரியது. அதன் சத்தில் பொய் இல்லை. 100 கிராம் உளுந்தில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது. சிக்கலே அந்தப் புரதத்தில்தான் இருந்தது.

லெவோடோபாவும் ஓர் அமினோ அமிலம். புரதம் செரித்தால் வருவனவும் அமினோ அமிலங்கள். சிறுகுடலின் சுவரைத் தாண்டி ரத்தத்தில் கலக்கவும், ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையவும் லெவோடோபாவுக்கும் வேறு சில அமினோ அமிலங்களுக்கும் ஒரே வகை வாகனம்தான். திருவிழா அன்று ஒரே டவுன் பஸ்ஸில் ஊரே ஏறினால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவர் படிக்கட்டிலேயே நின்றுவிடுவது மாதிரி, உளுந்தும் தயிரும் பருப்பும் ஏறிக்கொள்ள மாத்திரை வெளியே நின்றுவிட்டது. எண்ணெயும் நெய்யும் மிகுந்த சாப்பாடு இரைப்பையில் நெடுநேரம் தங்கும். லெவோடோபா உறிஞ்சப்படுவது சிறுகுடலில் என்பதால் மாத்திரையும் அவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும்.

மருத்துவர் மாத்திரையைக் கூட்டவில்லை. சாப்பாட்டுக்கு அரை மணிக்கு முன்பு வெறும் தண்ணீரோடு போடுங்கள், சாப்பிட்டுவிட்டால் ஒரு மணி நேரமாவது கழித்துப் போடுங்கள் என்றார். புரதத்தை நிறுத்தக்கூடாது, இடம் மாற்றவேண்டும் என்று அழுத்திச் சொன்னார். இந்நோயில் உடம்பு இளைத்துப்போவது சாதாரணம். புரதத்தை வெட்டினால் தசை கரையும்.

பெரியம்மாவின் அடுப்படி அன்றிலிருந்து கடிகாரத்தோடு ஓடத் தொடங்கியது. காலை 6 மணி மாத்திரைக்குப் பின்னால் உடனே வந்துகொண்டிருந்த பால் காப்பி 7 மணிக்குத் தள்ளிப் போனது. முன்னால் ஏதாவது சூடாக வேண்டும் என்றால் பால் விடாத கடுங்காப்பி. காலையில் இட்லிக்குச் சாம்பாருக்குப் பதில் தக்காளிச் சட்னி. பகலில் ரசம், கீரைப் பொரியல், பூசணி, சுரைக்காய். மாலை மாத்திரை வேலை செய்து, நடமாட்டமெல்லாம் முடிந்த பிறகு இரவு எட்டு மணிக்கு உளுந்தஞ்சோறோ, பாசிப்பருப்புப் போட்ட சொதியோ, முட்டையோ, தயிரோ. பெரியப்பாவுக்குப் பகல் முழுக்கக் கையும் காலும் வேண்டும், இரவில் படுக்கத்தானே போகிறார் என்பது பெரியம்மாவின் கணக்கு. மருத்துவ நூல்களில் புரதப் பகிர்வு உணவுமுறை என்று சொல்லப்படுவதும் இதுதான். பகல் மாத்திரை மறுபடி கேட்கத் தொடங்கியது. பவரைக் கூட்டாமலே கேட்டது.

எல்லா நோயாளிக்கும் இது தேவைப்படாது. மாத்திரை தொடங்கிய புதிதில் சோற்றோடு போட்டாலும் பலருக்கு வேலை செய்யும். குமட்டல் உள்ளவர்களை ஒரு வாழைப்பழத்தோடோ பிஸ்கட்டோடோ போடச் சொல்வதும் உண்டு. நோய் முற்ற முற்ற, மாத்திரை கேட்கும் நேரமும் கேட்காத நேரமும் தனித்தனியாகத் தெரியும்போதுதான் சாப்பாட்டின் நேரம் பெரிதாகிறது. சத்துக்குறைவுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் லெவோடோபாவைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

அடுத்து வந்தது பூனைக்காலி.

அம்பாசமுத்திரத்து நாட்டு மருந்துக் கடையில் யாரோ சொல்லி, பெரியப்பாவின் மைத்துனர் கால் கிலோ பூனைக்காலி விதைப் பொடி வாங்கிவந்தார். தினம் ஒரு கரண்டி பாலில் கலந்து குடித்தால் மாத்திரையே வேண்டாம் என்று கடையில் சொன்னார்களாம். பெரியப்பா கணக்கர் புத்தி உள்ளவர். பொட்டலத்தைப் பிரிக்காமல் பைக்குள் வைத்து, அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மருத்துவரின் மேசைமேல் வைத்தார்.

மருத்துவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. சீட்டைத் திருப்பிப் போட்டுக் கணக்கு எழுதினார். இந்த விதையில் நூற்றுக்கு நாலு முதல் ஆறு பங்கு லெவோடோபா இருக்கிறது. ஒரு கரண்டி 5 கிராம் என்று வைத்தால், ஐந்து விழுக்காட்டுக் கணக்கில் 250 மில்லிகிராம். உங்கள் மாத்திரை ஒன்றில் இருப்பது 100. "இது வேற மருந்துன்னு நினைக்காதீங்க ஐயா. நீங்க சாப்பிடுற அதே மருந்துதான். அளவு எழுதாத மருந்து." தனியாகச் சாப்பிட்டால் பொடியின் லெவோடோபாவில் பெரும்பகுதி மூளைக்குப் போகும் முன்பே வீணாகும், குமட்டும். மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் மாத்திரையில் உள்ள கார்பிடோபா பொடிக்கும் காவல் நிற்கும். மொத்த அளவு திடீரென்று ஏறும். கைகால் தாமாகவே நெளியும், எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும், இல்லாத ஆட்கள் வீட்டுக்குள் நடமாடுவதுபோலத் தோன்றும்.

அதே மூச்சில் அவர் சொன்ன இன்னொரு செய்தி பெரியப்பாவை நிமிர்ந்து உட்கார வைத்தது. பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பதைப் பிரித்தெடுத்துக் காட்டியது சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகம். தாமோதரன், ராமசாமி என்ற இருவர் 1937-இல் அதை வெளியிட்டார்கள். அது எந்த நோய்க்கு மருந்தாகும் என்பது அன்று உலகில் எவருக்கும் தெரியாது. அதற்கும் முன்னால் 1913-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் மார்க்குஸ் குகன்ஹைம் அதே பொருளை ஐரோப்பிய ஃபாவா மொச்சையிலிருந்து எடுத்தார். இரண்டரை கிராமைத் தாமே விழுங்கிப் பார்த்து வாந்தி எடுத்தார். நம் சந்தையில் கிடைக்கும் அவரைக்காய் அந்த மொச்சையின் இனம் அல்ல, அதைத் தின்று பயனில்லை.

பூனைக்காலி பொய் மருந்து இல்லை என்பதற்கு ஆய்வுகள் உண்டு. இந்தியாவில் 60 நோயாளிகளுக்கு விதைப் பொடியைப் பன்னிரண்டு வாரம் கொடுத்து நடந்த ஆய்வு 1995-இல் வெளியாயிற்று. நோய்க்குறிகள் குறைந்தன. லண்டனில் 2004-இல் எட்டுப் பேரிடம் 30 கிராம் விதைத் தயாரிப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரையைவிட அது சீக்கிரம் வேலை தொடங்கியது, சற்றுக் கூடுதல் நேரமும் நீடித்தது. மாத்திரை வாங்க வசதியில்லாத நோயாளிகள் உள்ள பொலிவியாவில் 18 பேரிடம் நடந்த ஆய்வு 2017-இல் வந்தது. ஒரு வேளை மருந்தாக அது மாத்திரைக்குச் சளைக்கவில்லை. ஆனால் அதே குழுவினர் அடுத்த ஆண்டு வெளியிட்ட பதினாறு வார ஆய்வில், தினமும் சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் வயிற்றுத் தொல்லையாலும் நடமாட்டம் மோசமானதாலும் இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கிடைக்கிற ஊரில், அளவு தெரிந்த மருந்தை விட்டுவிட்டு அளவு தெரியாததற்குப் போக மருத்துவர் இசையவில்லை. பெரியப்பாவும் கேட்டுக்கொண்டார்.

இந்தப் பேச்சு ஊரில் பரவியபோது வேறொரு சாட்சியும் வந்தது. பாபநாசம் மேலே காரையாறு பக்கமிருந்து தேன் கொண்டுவரும் காணிக்காரப் பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடிப்பது வழக்கம். பொதிகை மலைக் காணி மக்கள் பஞ்ச காலத்தில் இவ்வகை விதையை உணவாகவே தின்றவர்கள். "சும்மா தின்னக்கூடாது ஐயா. ஏழு தண்ணி வேகவச்சு வேகவச்சுக் கொட்டணும். இல்லாட்டி தலை சுத்தும், வாந்தி வரும்" என்றார் அவர். கொட்டுகிற அந்தத் தண்ணீரில்தான் லெவோடோபா போகிறது. 1989-இல் மொசாம்பிக் நாட்டின் நம்புலா பகுதியில் பஞ்சமும் வறட்சியும் சேர்ந்து வந்தபோது, வழக்கமாக இந்த விதையை வேகவைத்து, நீரைக் கொட்டிவிட்டுத் தின்னும் மக்கள், தண்ணீர் இல்லாததால் அந்த நீரையும் குடித்தார்கள். 200-க்கும் மேற்பட்டவர்களுக்குப் புத்தி தடுமாறியது. பச்சிலை, வேர், விதை என்றால் கெடுதல் இல்லை என்று சொல்கிறவர்களிடம் பெரியப்பா அந்தக் காணிக்காரர் சொன்ன ஏழு தண்ணீர்க் கணக்கைத்தான் சொல்வார்.

உணவு உண்மையிலேயே மருந்தாக நின்ற இடம் வயிறு. மலச்சிக்கல் இந்நோயின் கூடவே பிறந்தது. குடலின் நரம்புகளும் மந்தமாகின்றன. குடல் மந்தமானால் மாத்திரையும் நேரத்துக்குக் கேட்காது. பெரியம்மா இரவில் ஊறப்போட்ட உலர் திராட்சையைக் காலையில் அந்த நீரோடு கொடுத்தார். கொய்யா, பப்பாளி, வாழைத்தண்டு, கீரை, தோல் நீக்காத சிறுதானியம் ஆகியவை முறை வைத்து வந்தன. மறந்துபோகும் என்பதால் தண்ணீருக்கு ஒரு செம்பு குறித்துவைத்து, பகலுக்குள் இத்தனை செம்பு என்று கணக்கு வைத்தார். போதாத நாளில் இசப்கோல். இத்தாலியில் 120 நோயாளிகளிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், நற்கிருமிகளும் நார்ச்சத்தும் சேர்த்துப் புளிக்கவைத்த பால் நாலு வாரத்தில் மலச்சிக்கலைத் தணித்தது. நம் வீட்டு மோரில் அதே கிருமிகள் அதே அளவில் இருக்கும் என்று சொல்லமுடியாது. ஆனாலும் மாத்திரை நேரத்துக்குத் தள்ளி ஒரு தம்ளர் மோர் குடித்துக் கெட்டுப்போனவர் இல்லை.

மற்ற நம்பிக்கைகள் அவ்வளவு கைகொடுக்கவில்லை. காப்பி குடிப்பவர்களுக்கு இந்நோய் குறைவாக வருகிறது என்பதை ஹவாயில் 8,004 ஜப்பானிய அமெரிக்க ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2000-இல் காட்டியது. நோய் வந்தவர்களுக்குக் காஃபீன் மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வில் 2017-இல் பலன் தெரியவில்லை. விலை அதிகமான கோஎன்சைம் க்யூ10 மாத்திரையை 600 பேரிடம் சோதித்த பெரிய ஆய்வு, பயனில்லை என்று இடையிலேயே நிறுத்தப்பட்டு 2014-இல் வெளியானது. மஞ்சளும் அமுக்கராவும் ஆய்வகத்து எலிகளில் நம்பிக்கை தந்திருக்கின்றன. மனிதர்களில் நோயை நிறுத்தியதாக நிலைநாட்டப்படவில்லை. குழம்பில் போடுகிற மஞ்சள் குழம்புக்கு நல்லது, அவ்வளவே.

பிந்தைய ஆண்டுகளில் விழுங்குவது சிரமமாயிற்று. ரசமும் தண்ணீரும்தான் முதலில் புரையேறின. கூழும் கஞ்சியும் இறங்கின. கேழ்வரகுக் கூழ், குழைந்த சோறு, மசித்த வாழைப்பழம் என்று பெரியம்மா பதம் மாற்றினார். நிமிர்ந்து உட்காரவைத்து, ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய். பேச்சு கொடுக்கக்கூடாது என்று பேரப்பிள்ளைகளுக்கு உத்தரவு. மாத்திரை நன்றாகக் கேட்கிற நேரத்தில் சாப்பாட்டை வைத்தால் விழுங்குவதும் எளிதாக இருந்தது. மாத்திரைக்காகச் சாப்பாட்டை நகர்த்திய வீட்டில், சாப்பாட்டுக்காக மாத்திரை நேரத்தைப் பார்க்கும் காலம் வந்தது. பெரியப்பா நோயோடு பத்தாண்டுக்கு மேல் நல்லபடியாகவே வாழ்ந்தார். அதில் மாத்திரைக்கு எவ்வளவு பங்கோ, அந்த அடுப்படிக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

வீட்டில் பார்க்கின்சன் நோயாளி இருப்பவர்கள் ஒரு தாளை எடுத்து மாத்திரை நேரம், சாப்பாட்டு நேரம், கைகால் நன்றாக ஓடும் நேரம் மூன்றையும் ஒரு வாரத்துக்கு எழுதுங்கள். அடுத்த முறை போகும்போது அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். சூரணம், லேகியம், பொடி எது சாப்பிட்டாலும் பொட்டலத்தோடு கொண்டுபோய்ச் சொல்லுங்கள். வாந்தி என்று கடையில் மெட்டோகுளோபிரமைடு வாங்கிப் போடாதீர்கள். அது இந்நோயை மோசமாக்கும். யார் எந்தப் பொடியைக் கொடுத்தாலும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் உடல் விறைத்துக் கடும் காய்ச்சல் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். குறைப்பதோ கூட்டுவதோ மருத்துவர் சொல்லித்தான் நடக்கவேண்டும்.